கோணல் எடுத்த சீர்

அத்தியாயம் 11

மதுரை வாசகி ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். “அந்தச் சாமான் ஜெயபாயுடையதுதானே? இத்தனை வருடமாக அண்ணன் வீட்டுக் குடோனில் ஏன் போட்டு வைத்தாள்? தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதா?”

நியாயமான கேள்வி. ஆனால் அம்மா, மாப்பிள்ளை வீட்டிலிருந்து திரும்பி வந்த சீரை எந்தப் பெண் தன் வீட்டு நடுக்கூடத்தில் போட்டு, அதில் உட்கார்ந்து சோறு தின்பாள்? நீங்கள் தின்பீர்களா? நான் மாட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனியாக இருக்கிறாள். ஓவிய டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாலிபத்தில் சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் பீங்கான் வேலை படித்தாள். அந்தக் கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரும். அதில் இத்தாலிக்காரர்கள் செய்த மேசை நாற்காலிகளைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்துப்போனாள். ஒரு கால் உருண்டை, ஒரு கால் இரும்புக் குழாய், மேலே மஞ்சள் மைக்காவில் கறுப்புக் கோடுகள் புழுப்போல நெளியும். மேசைக்குரிய மரியாதை எதுவும் அந்த மேசைக்குக் கிடையாது. இன்றைக்குப் படித்தவர்கள் அதைப் போஸ்ட்மாடர்ன் என்று சொல்லிக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். அன்றைக்கு ராஜபாளையத்தில் அதற்குப் பெயர் கோணல்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கும் வத்திராயிருப்பு எட்வினுக்கும் கல்யாணம் நிச்சயமானது. தன் சீரைத் தானே வரைந்து, அப்பாவின் மரக்கடையிலேயே செய்ய வைத்தாள். கல்யாண அறிவிப்பை அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; அதுதான் ஓலை. இரண்டாவது ஓலை வாசித்த வாரம், சீர் லாரியில் போய் மாப்பிள்ளை வீட்டில் இறங்கியது. கல்யாணத்துக்கு முன்பே சாமானைப் பரப்பி வைத்துச் சொந்தக்காரர்களைப் பார்க்கச் சொல்வது அவர்கள் பக்கத்து வழக்கம். பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அதே சாமான் லாரியில் திரும்பி வந்தது. மூன்றாவது ஓலையைப் போதகர் வாசிக்கவே இல்லை.

“ஒன் கோண நாற்காலியப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னுட்டாவ” என்றார் அண்ணன் எபனேசர். ஜெயபாய் அதை நம்பினாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

போன வாரம் சென்னையிலிருந்து கனகலட்சுமி என்ற பெண் போன் செய்தாள். பழைய வடிவமைப்புகளைத் தேடிப் பிடித்துக் கண்காட்சி நடத்துகிறவள். சீர் பரப்பிய நாளில் எடுத்த போட்டோவை ஜெயபாயின் பழைய மாணவி ஒருத்தி இணையத்தில் போட, அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இதையெல்லாம் வரைஞ்சது நீங்களா மேடம்? உங்க பேரைப் போட்டு வைக்கணும்.” போனை வைத்துவிட்டு டீச்சர் அழுத அழுகையோடு அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

இன்று சனிக்கிழமை. கனகலட்சுமி ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்குச் சாமானைப் பார்க்க வருகிறாள்.

*

காலையிலேயே குளித்துவிட்டு ஜெயபாய் பீங்கான் டீ செட்டை எடுத்து வெளியே வைத்தாள். இதுவும் சீரோடு போய்ச் சீரோடு திரும்பியதுதான். இதை மட்டும் குடோனில் போட மனசு வராமல் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். டீ பாத்திரம் கூம்பு வடிவம். கைப்பிடி சிவப்பு முக்கோணம். மூடியின் தலையில் ஒரு நீலப் பந்து. கப்புகளின் காதுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று மின்னல் வெட்டினமாதிரி.

சத்திரப்பட்டியில் தறி போட்டிருக்கும் மாணவி ஒருத்தி கொடுத்த பேண்டேஜ் துணி வீட்டில் நிறையக் கிடந்தது. அதைக் கிழித்துக் கப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றினாள்.

பக்கத்து வீட்டுச் சமுத்திரம் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், யாருக்கு அடிபட்டுச்சு? இம்புட்டுக் கட்டுப் போடுதிய?”

“அடிபட்டது எப்பவோ. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்புதாவ” என்றாள் ஜெயபாய்.

அவள் தமாஷ் பேசியே வெகுகாலம் ஆகியிருந்தது. சமுத்திரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

பெட்டியின் அடியில் கிடந்த கிளிப்பச்சைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். அறுபதைத் தாண்டினவளுக்கு எதுக்கு இந்தக் கலர் என்று அண்ணன் மனைவி ஜெயக்கொடி மதினி கேட்பாள். கேட்கட்டும். இத்தனை வருடம் அவள் கேட்டு, இவள் மாற்றிக்கொண்டதெல்லாம் போதாதா?

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அண்ணன் மகன் பெனின். ஜெயபாயின் அப்பா நடத்திய மரக்கடை இப்போது இவன் கையில் இருக்கிறது. சோபா, மெத்தை, ஆபீஸ் நாற்காலி என்று வாங்கி விற்கிறான். அத்தை மேல் அவனுக்கு உயிர். அந்த வீட்டில் அவள்மேல் அப்படி இருக்கிறவன் அவன் ஒருவன்தான்.

“அத்தே, என்ன இது, கலக்குதிய! கண்காட்சி சாமானுக்கா, ஒங்களுக்கா?”

“வாயாடாத. இத மடியில வச்சிக்கிடுதேன், வண்டிய மெதுவா ஓட்டு. பள்ளத்துல விட்டேன்னா ஒன் காதத் திருகிருவேன்.”

கார் கிளம்பியது. இரண்டு பக்கமும் மில்களும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வந்தன. மேற்கே மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது.

“அத்தே, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன். எதுக்கு ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு மாதிரி செஞ்சிய? ஒரே மாதிரி செஞ்சா வேலை லேசுதானே?”

ஜெயபாய் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

“ஏலே, ஒரு வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரியா உக்காருதோம்? ஒங்க தாத்தா ஒருக்களிச்சு உக்காருவாவ. அவியளுக்கு ஒரு பக்கம் மட்டும் கை வச்சது. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவளுக்கு முதுகு வட்டமா இருக்கணும். எனக்குக் கால மடக்கிப் போட்டுக்கிடணும், அதனால அகலமா. யாரு உக்காந்தாலும், ‘இது என் நாற்காலி’ன்னு தோணணும்டே. அதான்.”

“இத அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“யாரு கேட்டா?”

பெனின் ரோட்டைப் பார்த்துக் கியரை மாற்றினான். பிறகு உற்சாகமாகிவிட்டான்.

“அத்தே, வீட்டுல ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து பாருங்க.”

நம் குடும்பங்களில் சர்ப்ரைஸ் என்றால், யாரோ யாரையோ கேட்காமல் எதையோ செய்து தொலைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் ஜெயபாய்க்கு அன்று அந்த எச்சரிக்கையெல்லாம் இல்லை. போர்டில் தன் பெயரை எப்படிப் போடச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ‘ஜெயபாய்’ என்று மட்டும் போட்டால் போதும். பின்னால் டீச்சர் வேண்டாம்.

*

எபனேசர் வாசலிலேயே நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்ட மனிதர். சலவைச் சட்டை, நெற்றியிலிருந்து ஏற்றி வாரிய நரைமுடி. கோயில் கமிட்டியிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் சொன்னது தப்பென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் இருந்தால் அவர்களோடு அவர் பேசுவதை நிறுத்தியிருப்பார்.

“வா ஜெயா. உள்ள வந்து பாரு. பொறவு அண்ணனக் கும்பிடுவ.”

ஜெயபாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனாள். நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. கருந்தேக்கு நிறத்தில், முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ். நான்கு மூலையிலும் ஒரே அச்சில் கடைந்த கால்கள். சுற்றிலும் நாற்காலிகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே முதுகு, ஒரே கை. சுவரோரமாக ஒரு அலமாரி, அதுவும் அதே நிறம்.

புது மேசை வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

“நல்லாருக்கு அண்ணே. நம்ம சாமான எங்க இறக்கி வச்சிருக்கிய? மாடியிலயா?”

எபனேசர் வாய்விட்டுச் சிரித்தார். பெனினும் சிரித்தான்.

“இதுதான்டி நம்ம சாமான்! அடையாளமே தெரியல பாத்தியா?”

ஜெயபாய் கிட்டே போனாள். ஒரு நாற்காலியின் முதுகைத் தொட்டாள். ஓரத்தில் வினீர் என்கிற மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு. அதற்கு அடியில் அவள் அளவெடுத்து வெட்ட வைத்த அரைவட்டம் தெரிந்தது. மீதி இடத்தைப் புதுப் பலகை வைத்து அடைத்துச் சதுரமாக்கியிருந்தார்கள்.

“மைக்கா எங்க?”

“அந்தப் பழைய மஞ்ச மைக்காவா? உரிச்சுக் குப்பையில போட்டாச்சு. ஒண்ணுரெண்டு எடத்துல உப்பிப்போயில்ல கெடந்துச்சு” என்றார் எபனேசர்.

“மேசைக்கு உருண்டைக் கால் ஒண்ணு உண்டே. பச்சையும் ரோசும் அடுக்கினது.”

சமையலறை வாசலிலிருந்து மதினி ஜெயக்கொடி பதில் சொன்னாள். “அது ரெண்டு நாள் வெந்நி அடுப்புக்கு ஆச்சு ஜெயா. நல்லா எரிஞ்சுது. என்ன, பெயிண்டு நாத்தம்தான் தாங்கல.”

ஜெயபாய் டீ செட் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பெனினுக்கு எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்தது.

“அத்தே… மெட்ராசுல இருந்து ஆள் வந்து பாக்காவ. பழைய சாமான்னு சொல்லுதாவ. பழசுன்னா தேக்குப் பாலிஷ்தானே அத்தே? நான் காரைக்குடிப் பழஞ்சாமான் கடை வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்துல்லா வேல்சாமி ஆசாரிகிட்ட சொன்னேன்.”

பாவம், அவன் மனசறிந்து செய்த தப்பில்லை. இந்த ஊரில் பழசு என்றால் தேக்கு, தேக்கு என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் மரியாதை. மஞ்சள் மைக்காவும் ஒரு நாள் பழசாகும், அதற்கும் ஒருத்தி சென்னையிலிருந்து கார் பிடித்து வருவாள் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

“காலையும் நீதான் மாத்தச் சொன்னியா?”

“இல்ல அத்தே. நான் பாலிஷ் மட்டும்னுதான் சொன்னேன். மைக்காவ உரிச்சு, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னது அப்பா. கூடவே நின்னு செய்ய வச்சாவ.”

ஜெயபாய் அண்ணனைப் பார்த்தாள். எபனேசர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பத்தான்டி இது சீர் மாதிரி இருக்கு. ஒரு கோணல் கெடையாது. அன்னைக்கே இப்பிடிச் செஞ்சிருந்தேன்னா நீ வாழ்ந்திருப்ப.”

*

கனகலட்சுமி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மதியம் தாண்டித்தான் அவள் கார் வந்தது. முப்பது வயசிருக்கும். குட்டை முடி, கழுத்தில் கேமரா. வந்ததும் வராததுமாக ஜெயபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. வழியில ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்தேன். அங்க ஒரு சூப்பர் விஷயம் கிடைச்சுது, அப்புறம் சொல்றேன். முதல்ல செட்டைப் பார்க்கணும். எந்த ரூம்ல இருக்கு?”

ஜெயபாயும் பெனினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எபனேசர் மட்டும் பெருமையாகச் சொன்னார்.

“நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கியளே, அதுதாம்மா.”

கனகலட்சுமி மேசையிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து பழைய போட்டோவின் பிரதியை எடுத்து அதையும் பார்த்தாள். அப்புறம் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் மட்டும் உரிக்க மறந்துபோன மைக்கா, உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளாக இருந்தது. அவள் அதை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

“யார் சார் இப்படிப் பண்ணினது?”

“நான்தான். ஏன், பாலிஷ் சரியில்லையா?”

“பாலிஷ் பிரமாதமா இருக்கு சார்” என்றாள் கனகலட்சுமி. “இந்தியாவுல அந்தக் காலத்துல இந்த மாதிரி யாரும் செஞ்சு நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு சின்ன ஊர்ல, ஒரு பொண்ணு, தன்னோட கல்யாணத்துக்கு. அதுக்காகத்தான் வந்தேன். இந்த மாதிரி மேசை சென்னையில தெருவுக்குத் தெரு இருக்கு சார்.”

பெனின் தலையைக் குனிந்துகொண்டான். “திரும்ப மைக்கா வாங்கி ஒட்டிரலாமா மேடம்? அதே மஞ்சள் ஆர்டர் போட்டா வந்துரும்…”

“வேண்டாம் பெனினு” என்றாள் ஜெயபாய். “செத்ததுக்கு மேக்கப் போட வேண்டாம்.”

ஜெயபாய் பையைத் திறந்து, பேண்டேஜ் துணியைப் பிரித்து, டீ செட்டை ஒவ்வொன்றாக அந்தக் கறுப்பு மேசைமேல் வைத்தாள். அந்தக் கூடத்திலேயே நிறம் உள்ளது அது ஒன்றுதான். கனகலட்சுமி மின்னல் காது வைத்த கப்பை எடுத்து விரலை நுழைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

“இது போதும் மேடம். அப்புறம் அந்த நாற்காலியும் இருக்கே.”

“எந்த நாற்காலி?”

“அதான் சொன்னேனே, வழியில ஒரு இடத்துக்குப் போனேன்னு. வத்திராயிருப்பு. உங்க போட்டோவுக்குக் கீழ அக்சான்னு ஒரு பொண்ணு, ‘இதே மாதிரி ஒண்ணு எங்க பெரியப்பாகிட்ட இருக்கு’ன்னு எழுதியிருந்தா. போய்ப் பார்த்தேன். உங்க செட்டுதான். சிவப்பு மைக்கா, பாதி வட்ட முதுகு. ஒரு கீறல்கூட இல்லை.”

அவள் போனில் படத்தைக் காட்டினாள். ஜெயபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

“இது லாரியில இருந்து விழுந்து நொறுங்கிட்டுன்னுல்லா அண்ணன் சொன்னாவ?”

எபனேசர் எழுந்தார். “ஏம்மா, வந்த எடத்துல பாக்க வேண்டியதப் பாத்தாச்சுல்லா? செத்த நேரத்துல சாப்பாடு ஆயிரும். சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க.”

“அண்ணே, இரிங்க. நீ சொல்லும்மா. அவிய என்ன சொன்னாவ?”

கனகலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்குள் ஏதோ மறைந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்.

“அந்தப் பெரியப்பா எட்வின் சார்தான். அவரே சொன்னார். சீரை அவங்க திருப்பி அனுப்பலையாம் மேடம். வந்து பார்த்த சொந்தக்காரங்க சிரிச்சாங்களாம், ஆனா அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததாம். ரெண்டாவது நாள் பொண்ணோட அண்ணனே லாரி கொண்டுவந்து, ‘எங்க பொண்ணுக்கு இஷ்டம் இல்லை’ன்னு சொல்லிச் சாமானை ஏத்தினாராம். இவரு ஒரு நாற்காலியில போய் உட்கார்ந்துட்டாராம். லாரி போற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். அதனால அது ஒண்ணு மட்டும் அங்க தங்கிடுச்சு.”

கனகலட்சுமி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

“உங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு ரெண்டு தடவை உங்க கடைக்கு வந்தாராம். நீங்க பார்க்க விரும்பலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் பம்பாய் போயிட்டாராம். இப்ப வயசான காலத்துல ஊருக்குத் திரும்பி வந்திருக்கார்.”

ஜெயபாய் அண்ணனிடம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அவரை நீங்க என்று அழைத்தவள். அது அன்றோடு முடிந்தது.

“நீயா போயி ஏத்திட்டு வந்த?”

“ஜெயா, ஒன் நல்லதுக்குத்தான்…”

“நீயா ஏத்திட்டு வந்தியான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“வந்து என்கிட்ட என்ன சொன்ன? என் நாற்காலி கோணல்னு சொன்ன. என் கை கோணல்னு சொன்ன. இப்ப இந்தப் பிள்ளை போர்டு எழுதுவா, சீர் ஏன் திரும்புச்சுன்னு நாலு எடத்துல விசாரிப்பா, வத்திராயிருப்புலயும் போயி நிப்பான்னு பயந்துல்லா சாமானையே இல்லாம ஆக்கிட்ட?”

எபனேசர் மறுக்கவில்லை. அவருக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும். அல்லது அதைவிடப் பெரிய பொய் ஒன்றைக் காப்பாற்ற இதை விட்டுக்கொடுத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

“எதுக்கு ஏத்திட்டு வந்த? அதச் சொல்லு.”

அவர் வாயைத் திறந்தார்.

“சொல்லிராதீய!” சமையலறையிலிருந்து ஜெயக்கொடி ஓடி வந்தாள். கையில் கரண்டி. “சத்தியம் பண்ணியிருக்கிய. மறந்துராதீய.”

எபனேசர் வாயை மூடிக்கொண்டார்.

மதினிக்கும் தெரியும்! ஜெயபாய் அவளைப் பார்த்தாள். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் பலகாரம் கொடுத்தனுப்பி, “ஒனக்கு அமைப்பு அம்புட்டுத்தான் ஜெயா” என்று வருடா வருடம் பெருமூச்சு விட்டவள்.

அந்த நேரத்தில் கனகலட்சுமி டீ செட் பக்கம் திரும்பினாள். பேச்சை மாற்றினால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துத்தான் அதைக் கேட்டாள். பாவி, வேறு எதைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

“மேடம், உங்களுக்குன்னு ஒரு தனி அறை ஒதுக்கி வச்சிருக்கோம். ஒரு நாற்காலியும் டீ செட்டும் ஒரு மூலைக்குத்தான் வரும். அதனால ஒண்ணும் இல்லை. அதுக்கப்புறம் நீங்க வரைஞ்சது, செஞ்சது எது இருந்தாலும் குடுங்க. நான் அழகா வச்சுடறேன்.”

“இல்லம்மா.”

“பெரிசா இருக்கணும்னு இல்லை. ஸ்கெட்ச் இருந்தாலும் போதும். சும்மா கிறுக்கினதுகூட.”

“இல்லம்மா.”

“முப்பது வருஷத்துக்கு மேல ஆகுதே மேடம். ஒண்ணுமேவா?”

“வரைஞ்சேன்” என்றாள் ஜெயபாய். “கரும்பலகையில வரைஞ்சேன். மாம்பழம், குடிசை வீடு, தேசியக் கொடி. பிள்ளைக பாத்து வரையும். பெல் அடிச்சதும் அழிச்சிருவேன். மத்தபடி வீட்டுல ஒரு கோடு போட்டது கெடையாது.”

கனகலட்சுமி போட்டோவை மடித்துப் பைக்குள் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயபாய் அண்ணன் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு அவரும் கத்தியிருக்கலாம்.

“அவரக் கட்டியிருந்தா நான் நல்லா இருந்திருப்பேனோ, நாசமாப் போயிருப்பேனோ, யாருக்குத் தெரியும்? அத விடு. நீ எடுத்துட்டு வந்தது மாப்பிள்ளைய மட்டும் இல்லண்ணே. என் கைதான் என் வாழ்க்கையக் கெடுத்துச்சுன்னு நான் நம்பினேன். பென்சில எடுத்தா மறுபடியும் ஏதாவது கோணலா வந்துரும்னு பயந்தேன். பயந்து பயந்தே கெழவியாயிட்டேன். அதுக்கு என்ன பதில் வச்சிருக்க? அதுக்கும் சத்தியம் பண்ணியிருக்கியா?”

எபனேசர் மேசையின் பாலிஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டுட்டுப் பேசுவோம்” என்றார் கடைசியில். எதற்கும் அவரிடம் உள்ள மருந்து அது ஒன்றுதான்.

ஜெயபாய் டீ செட்டைத் திரும்பச் சுற்றினாள். அவசரப்படவில்லை, ஒவ்வொரு கப்பையும் இரண்டு சுற்று சுற்றினாள். பையைக் கனகலட்சுமியின் கையில் கொடுத்தாள்.

“இத நீ வச்சுக்கோம்மா. போறப்ப என்னை வத்திராயிருப்புல எறக்கி விடுவியா?”

பெனின் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். “அத்தே, நான் கொண்டு விடுதேன்.”

“ஏலே!” என்றார் எபனேசர்.

ஒரே வார்த்தை. பெனின் நின்றுவிட்டான். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்த அப்பாவின் பிள்ளை. ஜெயபாய் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனாள்.

கனகலட்சுமி காரைத் திருப்பி நிறுத்தினாள். ஜெயபாய் ஏறி உட்கார்ந்தபோது ஜெயக்கொடி கேட்டைத் தாண்டி ஓடி வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இரைத்தது. கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது.

“ஜெயா, போகாத. சொன்னாக் கேளு. அங்க போனா நீ எட்வினப் பத்தித் தெரிஞ்சுக்கிட மாட்ட. ஒங்க அப்பாவப் பத்தித்தான் தெரிஞ்சுக்கிடுவ. அவிய மொகத்துல கரி பூசாத. செத்தவியள விட்டுரு.”

ஜெயபாய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்து விட்டாள்.

“செத்தவியளுக்காகத்தான் எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கிய. நான் உசுரோட இருக்கேன் மதினி. அது ஒங்க யாருக்கும் தோணலையா?”

ஜெயபாய் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் கிளம்பியது.